அர்த்தம் கேட்டவர்கள்

தாட்சாயிணி தன் முன்னால் இருந்த ஏழு எழுத்துக் கட்டைகளையும் ஒரே வீச்சில் பலகையில் இறக்கினாள். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. அந்த ஏழையும் வைத்து அவளுக்கு எட்டு ஒன்பது சொற்கள் தெரியும். பலகையில் இடம் கிடைத்தது 'ரெட்சினா' என்ற ஒன்றுக்குத்தான். அதோடு அவள் சீசன் கணக்கில் சோமேஷைத் தாண்டிவிட்டாள்.

செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடும் ஸ்கிராபிள் மன்றம் அது. மலையடி ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள் பாதி, ஊர்க்காரர்கள் பாதி. சோமேஷ் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். மன்றத்தை ஆரம்பித்தவனும், வெளியூர்ப் போட்டிகளுக்கு ஆட்களின் பெயரைக் கொடுப்பவனும் அவன்தான். சீசன் முடியும்போது முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் பெங்களூர் போட்டிக்குப் போகலாம் என்று அவனே சொல்லியிருந்தான். இது கடைசி ஆட்டம். கவிநிலா முதலிடம், தாட்சாயிணி இரண்டாமிடம். சோமேஷ் மூன்றாமிடத்துக்கு இறங்கிவிட்டான்.

அவன் பலகையைப் பார்த்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. கிரேக்க நாட்டு ஒயின் என்று அவனே சொன்னான்.

"குருக்கள் வீட்டுப் பொண்ணு. ஒயினை ஊத்தி வெச்சிட்டு என்னன்னு தெரியாதுங்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

கட்டைகளைப் பையில் அள்ளும்போது, பெங்களூருக்குக் கவிநிலாவும் தானும் போவதாகச் சோமேஷ் அறிவித்தான். தாட்சாயிணி ஏனென்று கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறது வேற, இங்கிலீஷ் தெரியறது வேற. அங்க வர்றவங்க யாராவது அர்த்தம் கேட்டா முழிப்பீங்க. நம்மளுக்குத்தான் அசிங்கம்."

சொல் பட்டியலில் இருந்தால் போதும், அர்த்தம் யாரும் கேட்கமாட்டார்கள். போட்டி விதி அதுதான் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்து நிற்கும். அவன் முன்னால் அழுவதற்கு மனமில்லாமல் விடுவிடுவென்று படியிறங்கினாள்.

பே கோபுரத் தெருவுக்குத் திரும்பும்வரை ஸ்கூட்டியின் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கூடவே வந்தது. வழக்கமாக அது அவளுக்கு ஏதோ கப்பல் கூட வருவதுபோல இருக்கும். இன்று அதுவும் வேவு பார்ப்பதாகப் பட்டது.

ஒப்பிக்கிறாளாம். அவள் கற்ற விதம் அவனுக்கு என்ன தெரியும்? சின்ன வயதில் அப்பா நடராஜ குருக்கள், அண்ணன் உமாமகேஸ்வரனுக்குக் கூடத்தில் வேதபாடம் சொல்வார். முதல் சொல், இரண்டாம் சொல். பிறகு இரண்டாவது, முதலாவது. பிறகு மூன்றாவதையும் சேர்த்து, மறுபடி தலைகீழாக. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளறையில் துணி மடித்தபடி கேட்டதுதான். வளர்ந்தபின் இங்கிலீஷ் எழுத்துகளையும் அதே மாதிரி முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். ஐந்தாறு எழுத்தைக் கண்டால் போதும், வாய் தானாக முணுமுணுக்கும். எங்கோ ஒரு திருப்பத்தில் சொல் கண்ணைத் திறக்கும். அந்த நொடிக்காகவே அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது, மறுநாள் ஹோமத்துக்காக அப்பாவும் அண்ணனும் மந்திரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குரல் கொஞ்சமும் பிசிறாமல் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் ஏனோ அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"அப்பா, இப்போ சொன்னேளே, அதுக்கு என்ன அர்த்தம்?"

குரல் நின்றது. அண்ணன் முறைத்தான். உனக்கென்னடி வந்தது இப்போ என்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமா சொல்றேளே, ஒரு வரிக்காவது தெரியுமா என்று மறுபடி கேட்டாள். சோமேஷின் குரல் தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முழுசா தெரியாதும்மா," என்றார்.

அவர் மறுபடி ஆரம்பித்தார். நாலைந்து வரி போனதும் ஓரிடத்தில் தடுக்கியது. அவள் பிறந்ததிலிருந்து அவர் அங்கே தடுக்கியதில்லை. திரும்பச் சொன்னார், திரும்பவும் தடுக்கியது. அண்ணன் எடுத்துக்கொடுத்தான்.

தாட்சாயிணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு ஆளின் வாயில் நன்றாக ஓடுவதை நிறுத்த இவ்வளவு சின்னக் கேள்வி போதுமா? அதை அவளிடம் கேட்டவன், அது என்ன செய்யும் என்று தெரிந்தே கேட்டிருக்கிறான். அவளும் தெரிந்தேதான் கேட்டாள். காலையில் அவள் எழுவதற்குள் அப்பா கோயிலுக்குப் போய்விட்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மாடிப்படியில் கவிநிலா மறித்துக்கொண்டாள். சோமேஷ் வைக்கிற இரண்டெழுத்துச் சொல்லுக்கெல்லாம் அவனுக்கே அர்த்தம் தெரியாது. எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகக் கேள், நாறிப்போவான் என்றாள்.

"அந்தக் கேள்விய நான் இனி யாரையும் கேக்கமாட்டேன்," என்றாள் தாட்சாயிணி.

நேராகப் போய்ச் சோமேஷின் எதிரில் உட்கார்ந்தாள். அவன் பலகையை விரித்துக்கொண்டிருந்தான். அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

"நான் தோத்துட்டேன்னு சொல்லுங்க."

புரியவில்லையே என்று அவன் சிரித்தான்.

"சீசன் கணக்குல உங்ககிட்ட தோத்துட்டேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தரம் சொல்லுங்க. நான் எழுந்து போயிடறேன், திரும்ப வரமாட்டேன்."

அவன் மொழியைப் பற்றி, மன்றத்தின் பெயரைப் பற்றி, அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசினான். வேண்டுமானால் உபரி ஆளாக அவளையும் கூட்டிப்போவதாகச் சொன்னான். அவள் கையை எடுக்கவில்லை. இந்தத் தடவை அழுகையும் வந்தது. வரட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

"தோத்தேனா, இல்லையா?"

சோமேஷ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில், இல்லை என்பது அவன் வாயிலிருந்து முணுமுணுப்பாக வந்தது.

"அப்போ பேரை மாத்துங்க."

அவன் போனை எடுத்தான். அவள் எழுந்துபோய் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, தன் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ஏறுவதைப் பார்த்தாள். பதிவானதாகச் செய்தி வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்ப்பவன்போல. அவள் எழுத்துக் கட்டைகள் இருந்த பையை அவன் பக்கம் தள்ளி, எடுங்க என்றாள்.