பக்கத்துக் கேரேஜ்

டி.வி. ரிமோட்டை மாவு டப்பாவுக்குள் அமுக்கி, மூடியை இறுக்கித் திருகிவிட்டு லாரிக்காரர் கையைத் தட்டிக்கொண்டார். பாதி மாவு பனியன்மேல் கொட்டியிருந்தது. முதலில் ரிமோட்டைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார், மகள் கண்டுபிடித்து எடுத்துவிட்டாள். அப்புறம் செருப்பு ஸ்டாண்டில் ஒளித்தார். ஒளித்தது அவருக்கே மறந்துபோய், காலையில் ஷூவுக்குள் காலை விட்டபோது விரலில் குத்தி உயிர் போயிற்று. மாவு டப்பாதான் பத்திரம். இந்த வீட்டில் இப்போது யாருக்கு மாவு பிசையத் தெம்பிருக்கிறது?

"ஏங்க..."

முன்னறையில் படுத்திருந்த மனைவியின் குரல். குரல் என்று பேருக்குத்தான், பாதிக்குமேல் மூச்சு.

"இதோ வந்துட்டேன்மா."

"கொஞ்சம் டி.வி.யைப் போடுங்களேன்."

"ரிமோட்டைக் காணோம்மா. உன் பொண்ணு எங்க வெச்சாளோ."

"பட்டனை அமுக்கினா வராதா?"

மனுஷன் அதை யோசிக்கவே இல்லை. "பட்டனும் போச்சு. எல்லாம் ஒரே நேரத்துல போகுது, என்ன பண்ண?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் எந்த வீட்டில் நின்று என்ன பேசுகிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அவர் பனியனில் இருந்த மாவைப் பார்த்தாள்.

அவர் முப்பது வருஷம் பந்தயக் கார் டீமின் லாரி ஓட்டியவர். கார், டயர், உதிரி எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அவளும் அதே டீம்தான். எல்லோருக்கும் அவள் சீட்டம்மா. பந்தயக் காரில் கடையில் வாங்கிப் பொருத்துகிற சீட்டெல்லாம் உதவாது. ஓட்டுகிறவனைக் காருக்குள் ஒரு பை மேல் உட்காரவைத்து, பைக்குள் நுரை மருந்தை ஊற்ற வேண்டும். அது பொங்கி, முதுகின் வளைவுக்கெல்லாம் நிறைந்து, கல் மாதிரி இறுகிவிடும். அந்த அச்சிலிருந்துதான் அவனுக்கென்று ஒரு சீட்டு. அந்த டீமில் ஓட்டிய அத்தனை பேரின் முதுகும் சீட்டம்மாவுக்கு அத்துப்படி. கடைசியில் சொந்த மகனே அந்த டீமுக்கு ஓட்ட வந்தபோது, அவனுக்கும் அவளே ஊற்றினாள். அன்றைக்கு லாரிக்காரர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதார்.

அந்த மகன்தான் இப்போது தாவப் போகிறான். அதுவும் எங்கே? பக்கத்துக் கேரேஜுக்கு.

எந்த ஊர்ப் பந்தயமானாலும் அவர்களுடைய கேரேஜுக்கு அடுத்தது அந்த ஆரஞ்சு டீமுடையதாகத்தான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் ஆரஞ்சு. ஆளைத் தூக்கியது, காரைத் திருட்டுத்தனமாய்ப் படம் பிடித்தது, புகார் கொடுத்து ஜெயித்த பந்தயத்தைப் பிடுங்கியது என்று அவர்கள்மேல் லாரிக்காரருக்கு இருந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பக்கெட்கூட வரக் கூடாது. மகள் ஒரு தடவை ஆசையாய் வாங்கிவந்த திரைச்சீலையைத் திருப்பிக் கொடுக்க வைத்தவர். ஒருநாள் கொட்டுகிற மழையில் ஆரஞ்சு டீமின் லாரி பழுதாகி நடுரோட்டில் நின்றிருந்தது. அவர் ஹாரனை ஒரு நீட்டு நீட்டிவிட்டு நிற்காமல் வந்தார். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். சொல்லும்போது மட்டும் சீட்டம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சீசன் முடியப்போகிற நேரத்தை அவர்கள் வீட்டில் வதந்தி மாசம் என்பார்கள். அவன் அங்கே போகிறான், இவனைக் கழற்றிவிட்டார்கள் என்று தினம் ஒரு புரளி கிளம்பும். மற்ற வருஷமெல்லாம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதையெல்லாம் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வார்கள். இந்த வருஷம் புரளியே இவர்கள் வீட்டுப் பிள்ளைதான். போன வாரம் பொறுக்க முடியாமல் மகனுக்குப் போன் போட்டார்.

"அப்பா, இதப் பத்தி என்னை எதுவும் கேக்காதீங்க. வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப உண்மைதான்."

"நான் எதுவும் சொல்லலப்பா."

"அதான் சொல்லிட்டியேடா."

வைத்துவிட்டார். வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலையும் மிஞ்சிக்கொண்டு ஒரு பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டர் கையை விரித்து அனுப்பிய உடம்பு சீட்டம்மாவுடையது. இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆயுசு பூராவும் பச்சைச் சட்டைக்குள் கழித்தவள், தான் ஊற்றிய சீட்டை விட்டு மகன் அந்தப் பக்கம் போய் உட்காருகிறான் என்று கேட்டால், அந்த நெஞ்சு என்ன ஆகும்? அவள் நிம்மதியாகப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காகத்தான் ரிமோட், அதற்காகத்தான் பேப்பரை நிறுத்தியது, வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டது எல்லாம்.

இன்று மத்தியானம் அறிவிக்கப் போகிறார்கள் என்று மகள் காலையிலேயே காதோடு சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தது. மருந்துக் கடையிலிருந்து பேசுவதாக ஒருத்தன் சொன்னான். "சார், அம்மாவுக்கு மருந்து ஏதாவது வேணுமா? ஆமா, பையன் ஆரஞ்சு டீமுக்குப் போறது உறுதியா சார்?"

"ஏண்டா, எந்த மருந்துக் கடையிலடா இதைக் கேட்டு மாத்திரை குடுக்கறீங்க?" என்று கத்தப்போனவர், முன்னறை ஞாபகம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பாகவே திட்டி முடித்தார்.

திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். மகள் ஈரத் துணியால் அம்மாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க போன்ல?"

"மருந்துக் கடை."

"சின்னவன் வரானா?"

"சாயங்காலம் வந்துடுவான். ஏதோ வேலையாம்."

"அவன்மேல கோவப்படாதீங்க."

"எனக்கென்ன கோவம்? வேலைன்னா வேலைதானே."

"எதுக்குமே கோவப்படாதீங்க. நீங்க தாங்க மாட்டீங்க." மூச்சு வாங்கியது. "அதான் எனக்குக் கவலை."

தான் போன பிறகு இந்த மனுஷன் என்ன ஆவாரோ என்று சொல்கிறாள் என அவர் நினைத்தார். பேச்சை மாற்ற அவள் கையை எடுத்துத் தடவினார். மணிக்கட்டில் தோல் இன்னும் சிவந்திருந்தது. கொஞ்ச நாள் முன்பு, நடமாட்டம் இருந்தபோதே, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மகன் வந்து காரில் கூட்டிப்போனான். இவரும் வருகிறேன் என்றதற்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து வேண்டாம் என்றார்கள். இருட்டிய பிறகு திரும்பியவளின் கையெல்லாம் மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது. "ஊசி குத்தின எடத்துல பிளாஸ்டர் பசைங்க" என்றாள். ஸ்கேன் என்ன சொன்னதோ என்ற கவலையில் அவர் எண்ணெயைத் தடவித் தடவிச் சுரண்டி எடுத்தார். "இவ்வளவு பசையா போடுவான் ஒருத்தன்? சுவர்ல போஸ்டர் ஒட்டறவனைக் கூட்டியாந்து ஊசி போடச் சொன்னானா?" என்று அந்த ஆஸ்பத்திரியை ஏழு தலைமுறைக்கும் திட்டினார். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

வெயில் உச்சிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் எழும்பியது. அந்த வீட்டுக்காரன் பந்தயப் பைத்தியம். காதும் மந்தம்.

"...நீண்ட நாள் வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் விதமாக, இன்று..."

லாரிக்காரர் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"காத்து வரலைங்க" என்றாள் அவள்.

"அப்பா, தொறங்க. மூச்சு முட்டுது அம்மாவுக்கு" என்றாள் மகள்.

திறந்தார். "...இரண்டு டீம்களுக்கும் இடையே பல ஆண்டுகளாக நிலவிவரும்..." சாத்த முடியவில்லை, விடவும் முடியவில்லை. என்ன செய்வது என்றே தெரியாமல் சமையலறைக்கு ஓடினார். மிக்ஸி கண்ணில் பட்டது. காலி ஜாரை மாட்டி, ஒரே திருகாய்த் திருகினார். வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு டி.வி. காணாமல் போயிற்று. அப்பாடா என்று மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தி முடிய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? விளம்பரம் வந்துவிட்டால் போதும். ஒன்றுமில்லாத ஜாருக்குள் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. மோட்டார் சூடாகி வாடை வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டே இருந்தார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து ஸ்விட்சை அணைத்தது. மகள்.

"அப்பா."

அவள் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு இந்த மனுஷன் இப்ப மிக்ஸி போடறாருன்னு கேட்டாங்கப்பா. அப்புறம் கண்ணை மூடினாங்க. தூங்கறாங்கன்னு நெனச்சேன். கூப்பிட்டேன் உங்களை. உங்களுக்குக் கேக்கல."

மகன் பொழுது சாயும் முன்பே வந்துவிட்டான். அறிவிப்பு மேடையிலிருந்து நேராக ஓட்டிவந்திருந்தான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"என்ன, எல்லாம் முடிஞ்சுதா? போட்டோவெல்லாம் நல்லா எடுத்தாங்களா?" என்றார் லாரிக்காரர்.

"அப்பா, ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

"அங்கயே இருந்திருக்கலாமே. எதுக்கு வந்தே?"

அன்றிரவு முழுக்க ஒரே அறையில் இருந்தும் மகன் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் ஒன்றும் தெரியாமல் போனாள் என்பது மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்குப் பக்கத்திலேயே மிக்ஸிச் சத்தமும் இருந்தது.

காலையில் டீம் ஆட்கள் வந்தார்கள். பச்சை ஜாக்கெட்டுகள் வாசலை நிறைத்தன. மெக்கானிக்குகள், டயர்காரர்கள், சமையல்காரர்வரை எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மகனுக்கு மட்டும் தலையை லேசாக அசைத்துவிட்டு நகர்ந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் நாலைந்து பேர் தனியாக நின்றிருந்தார்கள். ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டையில் மட்டும் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது.

லாரிக்காரருக்குத் தலைக்கு ஏறியது. தெருவைத் தாண்டி விறுவிறுவென்று போனார்.

"யாரு உங்களை வரச் சொன்னது? பையனைக் கூட்டிட்டுப் போனது பத்தலையா?"

அவர்களில் வயதான ஒருவர் முன்னால் வந்தார். பக்கத்துக் கேரேஜில் சீட்டு செய்கிறவர். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷமாகப் பார்த்த முகம், ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நாங்க உள்ள வரலண்ணே. இங்கயே நின்னு பாத்துட்டுப் போயிடறோம். அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடாமப் போனா எனக்கு மனசு ஆறாது."

"அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தயங்கினார். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பையனுக்கு எங்க காருல சீட்டு ஊத்தினது அவங்கதாண்ணே. நிக்க முடியல, நாற்காலி போட்டு உக்காந்துகிட்டே செஞ்சாங்க. என்னைக் கிட்டயே விடல. பழைய விபத்துல ஒடைஞ்ச இடுப்பு, இடது பக்கம் ஒரு விரல் எடம் விடணும், உனக்கு அது தெரியாதுன்னாங்க. கையுறை போட்டா பதம் தெரியாதுன்னு வெறுங்கையாலயே அமுக்கிப் பாத்தாங்க. கையெல்லாம் நுரை."

லாரிக்காரர் தன் கையைப் பார்த்தார். அன்றைக்கு எண்ணெய் தடவிச் சுரண்டிய விரல்கள்.

"வீட்டுல அவருக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாரு, என் காலத்துக்கு அப்புறம் தெரிஞ்சுக்கட்டும்னாங்க. மன்னிச்சுக்கங்கண்ணே, நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. லாரிக்காரர் கொஞ்ச நேரம் அந்த மனிதரின் திருப்பிப் போட்ட ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல் பிரிந்து நூல் தொங்கியது.

"உள்ள வாங்க" என்றார். "வெயில்ல நிக்காதீங்க."

வீட்டுக்குள் வந்தவர் மகனிடம் போனார். அவன் சுவரோரம் நின்றிருந்தான்.

"இடுப்பு சரியா உக்காருதா?"

மகன் அவரைப் பார்த்தான். "உக்காருதுப்பா."

"ம்."

முன்னறையில் மகள் அம்மாவின் கைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும். வெளியே டீம் ஆட்கள் கடைசியாக ஒரு முறை பார்க்க வரிசையில் நின்றார்கள்.

"அப்பா, இந்தக் கட்டைவிரல் நகத்துக்குள்ள பாருங்க, மஞ்சளா என்னமோ ஒட்டியிருக்கு. எவ்வளவு தேச்சாலும் போக மாட்டேங்குது. ஒரு ஊசி இருந்தா குடுங்க, எடுத்துடறேன்."

"வேண்டாம். விடு."

"அழுக்கா இருக்கேப்பா."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

வரிசை நகர்ந்து உள்ளே வந்தது. முதலில் வந்தவர் பச்சை டீமின் தலைமை மெக்கானிக். அந்த நுரையைத் தினம் தினம் பார்க்கிறவர். அவள் கேரேஜுக்கு வந்து மாசக்கணக்காகிறது என்பதும் தெரிந்தவர். லாரிக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளுடைய கட்டைவிரலை மடக்கி, அந்தக் கையைத் தன் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார். கடைசி ஆள் பார்த்துவிட்டுப் போகும்வரை எடுக்கவில்லை.