ஏழு சத்தம்

பலகைக்கு அந்தப் பக்கம் ஏழாவது தடவையாகத் தண்ணீர் கொட்டிய சத்தம் கேட்டபோது என் அடுப்பில் கருவாடு தீய்ந்துகொண்டிருந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன். கருவாடு நாளைக்கும் கிடைக்கும். இந்த மாதிரிச் செய்தி கிடைக்காது. கடல் தாண்டி நாங்கள் வந்த செடெனாக் பக்கம், எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பத்து அறைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைச் சுவர். அதுவும் கூரை வரை போகாமல் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். காற்று வரட்டும் என்று கட்டிய துரை அப்படி விட்டாராம். காற்று வந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டில் யார் எத்தனை தடவை தும்முகிறார்கள் என்பது வரைக்கும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். செல்லம் ஒட்டுக்கேட்கிறவள் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். காதை எங்கே கழற்றி வைப்பது என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

ஏழு தடவை. விரல் மடக்கி எண்ணினேன். வேறு வருஷமாக இருந்தால் எழுபது தடவை கொட்டியிருந்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்? மழை ஓயாமல் பெய்து பால்வெட்டு கெடுகிறதே என்று அழுதவர்கள்தான் நாங்கள். அந்த வருஷம் இரண்டு மாதமாக வானத்திலிருந்து ஒரு பொட்டு விழவில்லை. ஓடை வற்றி, அதன் நடுவில் மாடுகள் படுத்துக்கிடந்தன. எங்கிருந்தோ மாட்டு வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்து லயத்துத் தொட்டியில் ஊற்றினார்கள். வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, வீட்டுக்கு இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம். ஆள் இரண்டானாலும் எட்டானாலும் இரண்டுதான். தொட்டிக்கு மரமூடி, மூடிக்குப் பூட்டு. சாவி வீரமுத்துவின் இடுப்பில். பால்மரத்துச் சரிவில் விழுந்து கால் உடைந்தவன் வீரமுத்து. வெட்டுக்கு ஆகமாட்டான் என்று ஆனபிறகு, தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சாம்பசிவம் மனமிரங்கி அவனைத் தொட்டிக்குக் காவல் வைத்தார். அந்த வீரமுத்துவின் பெண்டாட்டிதான் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேச்சியம்மாள்.

இப்போது சொல்லுங்கள், யாராக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்களா மாட்டார்களா?

அவள் மேல் எனக்கு ஒன்றும் பகை கிடையாது. ஆனால் கண்ணை உறுத்தும்படி சில சங்கதிகள் இருந்தன. லயத்தில் எல்லோருடைய துணியும் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்ட சமயத்தில், அவளுடைய மூன்று மாதப் பிள்ளையின் துணிகள் மட்டும் கொடியில் வெளுத்துத் தொங்கின. எங்கள் கொல்லையில் மிளகாய்ச் செடி குச்சியாகிவிட்டது. அவள் கொல்லையில் கீரை தளதளவென்று நின்றது. இன்னொன்று, தொட்டியடியில் தகரத்தை நிரப்பியதும் அவள் ஒரு துண்டு வாழையிலையைத் தண்ணீர் மேல் போட்டு மூடித் தலையில் தூக்கிக்கொண்டு போவாள். மற்றவர்கள் யாரும் மூடுவதில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு மூடி எதற்கு?

மறுநாள் தொட்டியடி வரிசையில் நின்றபோது இதை நான் ராசம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். ராசம்மாவிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனாலும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது?

"ஏழு தடவையா? நல்லாக் கேட்டியாடி?" என்றாள் ராசம்மா.

"எங்கூட்டுக்குள்ள கொட்டுற மாதிரி கேட்டுச்சுக்கா."

"சாவி வூட்டுலயே இருக்கு. அப்பறம் ஏன் கொட்டாது? நம்ம புள்ளைங்க மட்டும் கழுவாத மூஞ்சியோட திரியணுமா?"

ஏழு என்றுதான் என் வாயிலிருந்து போனது. மூன்றாம் நாள் கிராணியாரின் காதுக்கு எட்டியபோது அது பன்னிரண்டு தகரம் ஆகியிருந்தது. பன்னிரண்டு என்று சொன்னது நானில்லை. யார் என்றும் இன்றுவரை தெரியாது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொட்டியில் மாலை பூட்டும்போது கிராணியார் மூங்கில் கம்பு விட்டு ஆழம் பார்த்துக் கம்பில் கீறி வைப்பார். காலையில் பார்த்தால் நாலு விரல் இறங்கியிருந்தது. ஒரு நாள் இல்லை, தொடர்ந்து ஐந்து நாள். ரப்பர் விலை விழுந்து, சின்னக் குற்றம் கிடைத்தாலும் பேரை வெட்டி ஆளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயம். கால் சரியில்லாத ஒருவனும் கைப்பிள்ளைக்காரி ஒருத்தியும் நாகப்பட்டினத்தில் இறங்கி எங்கே போவார்கள் என்று எனக்குத் தோன்றாமலில்லை. தோன்றியது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்குகிற வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று பிற்பகல் சாம்பசிவம் கிராணியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார், அதுதான் பயம். வீரமுத்து கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றான். வேர்வை அவன் தாடையிலிருந்து சொட்டியது. லயம் முழுக்க வெளியே வந்துவிட்டது. நான் மட்டும் உள்ளே இருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் போய் நின்றேன்.

"செல்லம் எண்டது ஆர்?"

எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். ராசம்மா ஒரு அடி நகர்ந்து எனக்கு வழிகூட விட்டாள்.

"எண்ணினது நீதானே? எத்தினை தரம்?"

"ஏழுங்கய்யா. ஏழுன்னுதான் சொன்னேன். பன்னண்டுன்னு நான் சொல்லல."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பேச்சியம்மாளின் அறையில் இரண்டு தகரங்கள் இருந்தன. ஒன்று நிறைய, ஒன்று காலி. நிறைந்தது அப்போதுதான் பிடித்து வந்தது, காலி நேற்றையது; இரண்டாவதை இனிமேல்தான் பிடிக்கவேண்டும். வேறு பாத்திரம் எதிலும் தண்ணீர் இல்லை. "மிச்சம் எங்க?" என்றார். வீரமுத்து இடுப்பிலிருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டான். கிராணியார் சட்டைப் பையிலிருந்து பேர் வெட்ட எழுதுகிற காகிதத்தை எடுத்தார். அந்தக் காகிதம் மடிப்பு பிரிகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது. பாழாய்ப்போன காது.

அதுவரை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் சொன்னாள்:

"அய்யா, செல்லக்கா அவங்கூட்டுக்குள்ள போயி நிக்கட்டும். நீங்க இங்க நில்லுங்க. சாயந்தர வேலய எப்பவும் போல நான் செய்யிறேன். அக்கா அங்கேருந்து சத்தம் போட்டு எண்ணட்டும். அப்பறம் எழுதுங்க."

கிராணியார் யோசித்தார். பிறகு குடையின் முனையால் என் கதவைக் காட்டினார்.

உள்ளே போனேன். என் புருஷன் மணியம் பாயில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். "நல்லாக் கேளு. இன்னிக்கிக் கிராணியே கேக்கச் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் புகையைக் கூரைக்கு விட்டார். நான் பலகையோடு ஒட்டி நின்றேன்.

தகரத்தின் கம்பிப் பிடி கிணுங்கென்றது. சட்டியில் தண்ணீர் கனமாக விழுந்தது.

"ஒண்ணு!" என்றேன். வெளியே ராசம்மா கூட்டத்துக்குத் திருப்பிச் சொன்னாள்.

அரிசி களைகிற கரகரப்பு. களைந்த தண்ணீர் வேறு பாத்திரத்தில் விழுந்தது. "ரெண்டு!" சாம்பல் போட்டுத் தேய்க்கிற சரசரப்பு கொஞ்ச நேரம். பிறகு அந்தப் பாத்திரத்திலிருந்து தாம்பாளத்தில் விழுகிற சத்தம். "மூணு!" பேச்சியம்மாளின் காலடி பின்வாசலுக்குப் போயிற்று. கீரை வேரில் மெதுவாக, வழிய விட்டு ஊற்றுகிற சத்தம். "நாலு." மறுபடி கம்பிப் பிடி கிணுங்கென்றது. அகன்ற வாளிக்குக் குறுக்கே காலை நீட்டி, அதன் மேல் பிள்ளையைக் கிடத்தியிருப்பாள் போல. பிள்ளை வீறிட்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் பிள்ளை மேல் விழுந்து வாளிக்குள் சேர்ந்தது.

"அஞ்சு" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

கம்பிப் பிடி இரண்டே தடவைதான் கிணுங்கியது. அது அன்றைக்கு மட்டுமில்லை. தினமும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. சாம்பல் தேய்க்கும் சத்தமும் பின்வாசல் காலடியும் பிள்ளையின் அழுகையும் எல்லா நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. கொட்டுகிற சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டு மற்றதையெல்லாம் கீழே தள்ளிவிட்டிருக்கிறேன். அரிசி களைந்தது பாத்திரம் கழுவிற்று, பாத்திரம் கழுவியது கீரைக்குப் போயிற்று. வாளியில் சேர்ந்த பிள்ளை குளித்த தண்ணீரில் இனித் துணி நனையும். அலசிய தண்ணீரும் எந்தச் செடிக்காவது போகும். ஒரே தண்ணீர்தான் வீட்டுக்குள் ஒவ்வொரு இடமாக இறங்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ அரிசி களைந்தது நேரே சாக்கடைக்கு. மணியம் கால் கழுவ மூன்று செம்பு. பாத்திரத்துக்குத் தனி, வாசலுக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் தகரம்தான் கிணுங்கும். அந்தக் கணக்கைத்தான் பலகைக்கு அந்தப் பக்கமும் போட்டிருக்கிறேன்.

ஆறாவது சத்தம் வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டினனீ?" கிராணியாரின் குரல் பலகைக்கு மேலாக வந்தது.

பேசாமல் 'ஆறு' என்று சொல்லியிருக்கலாம். எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். அதற்கு மேல் என்ன என்று இருந்திருக்கலாம். மணியம் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"தகரத்த ரெண்டு தடவதாங்கய்யா தூக்குறா" என்றேன். "மத்ததெல்லாம் அதே தண்ணிங்க."

வெளியே ராசம்மா இதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"முடியுமட்டும் எண்ணு."

"ஆறு." கொல்லையில் வாழை மரத்தடியில் தண்ணீர் விழுந்தது. "ஏழு."

நான் வெளியே வந்தபோது கிராணியார் தகரத்துக்குள் குடை முனையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு சரிதான். இவள் பிழையா எண்ணேல்ல. தண்ணிதான் ஒண்டு. அரைத் தகரம் இன்னும் கிடக்கு" என்றார். காலித் தகரத்தின் அடியில் வாடிக் கிடந்த வாழையிலைத் துண்டை எடுத்து, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"தலையில வச்சு நடக்கயில தளும்பிச் சிந்தாதுங்கய்யா. எல கெடந்தா தண்ணி ஆடாது" என்றாள் பேச்சியம்மாள்.

கூட்டம் ஏனோ ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தது. தொட்டியடியிலிருந்து லயத்துக்கு வரும் மண்பாதையில் ஒன்பது வீட்டு வாசலுக்கும் ஒன்பது ஈரக் கோடுகள் இன்னும் காயாமல் கிடந்தன. பேச்சியம்மாளின் வாசலுக்கு மட்டும் கோடு கிடையாது. என்னுடையதுதான் எல்லாவற்றிலும் தடிப்பு.

அதோடு முடிந்திருந்தால் நான் ஒரு வாரத்தில் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருப்பேன். கிராணியார் காகிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். வீரமுத்து இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான். முடிச்சு லேசில் அவிழவில்லை.

"உன்ரை வீட்டுக்குத் தண்ணி போகேல்ல எண்டு கண்டாச்சு. ஆனா தொட்டியில நாலு விரல் குறையுது, அதுக்கு ஆர் பதில் சொல்லுறது? துரை என்னைக் கேப்பார். இண்டைக்குச் சாவி என்னட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலமை கம்பு விட்டுப் பாப்பம். இறங்கியிருந்தால் உன்னில பிழையில்லை. இறங்கேல்ல எண்டால், நீ ஆருக்கோ திறந்து விட்டிருக்கிறாய். பிறகு நான் ஒண்டும் செய்யேலாது."

அவர் போன பிறகு ராசம்மா, "பன்னண்டுன்னு எவடி சொன்னது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு முதல் ஆளாகத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நான் பலகை ஓரம் நின்று, "பேச்சி, புள்ள தூங்கிருச்சா?" என்று கேட்டேன். வீரமுத்துவின் கோல் இங்கும் அங்கும் நடந்து நடந்து ஒரு மூலையில் நின்றது. லயத்தில் அத்தனை பேரும் மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த அந்த அந்தியில், தொட்டித் தண்ணீர் நாலு விரல் இறங்கட்டும் சாமி, ஐந்து விரலாக இருந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொட்டிக்குக் கீழே எங்கேயாவது விரிசல் இருக்கவேண்டும். இல்லாமல் எப்படி? இருந்தே ஆகவேண்டும்.

"சோறு உண்டா, இல்ல காதுதானா இன்னிக்கும்?" என்றார் மணியம்.

உலையில் போட அரிசியை அளந்து சட்டியில் கொட்டினேன். தகரத்தைத் தூக்கினேன். எத்தனை மெதுவாகத் தூக்கினாலும் கம்பிப் பிடி கிணுங்கத்தான் செய்தது. தண்ணீர் சட்டியில் விழுந்தது.

"ஒண்ணு" என்றது பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

பேச்சியம்மாளின் குரல்தான். சிரிப்பா, கோபமா, அழுகையா என்று அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய எனக்கே முடியவில்லை. அரிசியைக் களைந்தேன். களைந்த தண்ணீரைப் பாத்திரத்தில் வடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் பின்வாசல் வரை போய்விட்டேன். சாக்கடை காய்ந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் மிளகாய்ச் செடி குச்சியாக நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். சாக்கடையை விட்டுச் செடியின் பக்கம் ஒரு அடி நகர்ந்தேன்; பாத்திரத்தில் வெள்ளைத் தண்ணீர் லேசாகத் தளும்பிக்கொண்டே இருந்தது.