காலுக்கு மட்டும்

காலை ஐந்தே முக்காலுக்குக் கழிவறைக் கதவு திறந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மருமகள் மாமனாரின் அறைக்குப் போனாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"மாமா."

தோளைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

தெருக்கோடி டாக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். இமையை விலக்கிப் பார்த்தார். கழுத்தில் இரண்டு விரல் வைத்தார்.

"கிட்னி ரொம்ப நாளாவே மோசம். தூக்கத்துலயே போயிருக்கார். புதுசா ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?"

"நீங்க எழுதினது மட்டும்தான் சார்" என்றான் கணவன். "எல்லாம் இவ கையாலதான். வேளை தவறாது."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் படுக்கை விரிப்பின் ஓரத்தை உள்ளே செருகினாள். ஏற்கெனவே செருகியிருந்த ஓரம்தான்.

நான்கு பேருக்கு ஒரே கழிவறை உள்ள வீடு அது. விடிந்ததும் முதலில் உள்ளே போவது அவர்தான். எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. கணவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையில் நிற்பான்.

"முப்பது வருஷம் லிப்ட் ஓட்டின மனுஷன். உள்ள எந்த மாடியில நிக்கிறாரோ!"

"கரண்ட் போயிடுச்சு போலப்பா" என்பாள் மகள்.

எல்லோரும் சிரிப்பார்கள். மருமகளும் சிரிப்பாள். கதவு மெல்லிய தகரம். உள்ளேயிருந்து, "இதோ வந்துட்டேம்மா" என்று குரல் வரும். மகனுக்கும் பேத்திக்கும் பதில் சொல்ல மாட்டார். அவளுக்குத்தான் சொல்வார்.

அவளுக்குத்தான் அவசரம். தையல் ஆலையின் வேன் தெருமுனையில் ஒரு முறைதான் ஹார்ன் அடிக்கும். தவறவிட்டால், எல்லோரும் தைத்துக்கொண்டிருக்கும்போது மேற்பார்வையாளரின் மேசை முன்னால் போய் நிற்க வேண்டும். "மகாராணி இன்னிக்கு என்ன, மாமனாரா?" என்று அவன் கேட்பான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அந்த மருந்து உப்புப் பாக்கெட்டை அவள் தனக்காகத்தான் வாங்கினாள். நாள் முழுக்க நின்று இஸ்திரி போடும் வேலை. கணுக்கால் வீங்கியிருந்தது. மருந்துக் கடைக்காரர் பாக்கெட்டை நீட்டிவிட்டு, கையை எடுக்காமலே சொன்னார்.

"வெந்நீர்ல போட்டு காலை ஊற வைங்க, பயமில்ல. குடிக்கிறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுதான். கிட்னி சரியில்லாதவங்க வாயிலயே வைக்கக் கூடாது."

"காலுக்குத்தான்" என்றாள். அன்று அது உண்மை.

பக்கத்து மேசைக்காரிதான் மறுநாள் சொன்னாள். "அட, பேதி உப்புடி அது. என் மாமியாருக்கு ஒரே ஸ்பூன் கலக்கிக் குடுத்தேன். போனவ வந்தா, வந்தவ போனா, அன்னிக்கு முழுக்க அதே வேலை."

சிரித்து முடித்த பிறகும் அவளுக்கு அது மனதில் நின்றது. அந்த வாரமே இரண்டு முறை வேனைத் தவறவிட்டாள். இரண்டாவது நாள் வீடு திரும்பியதும் கால் கூடக் கழுவவில்லை. ஒரு தம்ளரில் கலக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா இது?"

"வயித்துக்கு மாமா. காலையில கஷ்டப்படறீங்களே."

அவர் முகம் சிவந்தது. தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டர் குடுத்ததா?"

"ம்" என்றாள்.

ஒரே மூச்சில் குடித்தார். கசப்பில் தோள் குலுங்கியது. "அவன்கிட்ட சொல்லிடாதம்மா. அதுக்கும் சிரிப்பான்."

மறுநாள் போன வேகத்தில் வெளியே வந்தார். "உன் கை ராசிம்மா" என்று கிசுகிசுத்தார். அதற்குப் பிறகு தினமும் தம்ளர் போனது. ஒரு ஸ்பூன் பலிக்காமல் போனபோது இரண்டு போட்டாள். பிறகு காலையிலும் ஒன்று. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பகலிலேயே தூங்கத் தொடங்கினார். நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. வயசு என்றார்கள். அவளும் வயசு என்றாள். கடைசி இரண்டு நாள் கைக்குத் தம்ளர் பிடிபடவில்லை. அவளே வாயில் வைத்துப் புகட்டினாள்.

கழிவறை காலியாக இருந்தது. அவள் ஒரு நாளும் வேனைத் தவறவிடவில்லை.

வீடு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்து வச்ச மனுஷன். யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்கல."

மதியத்துக்குள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அழாமல், பாதங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபோதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

கூடத்தைக் கழுவி விட்டார்கள். மருமகள் சமையலறை மேல்தட்டிலிருந்து பாக்கெட்டை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்தாள். சிவப்பு எழுத்து. கடைக்காரர் சொன்னதே இருந்தது. அதோடு இன்னும் ஒரு வரி: மிதமிஞ்சிய தூக்கம், தளர்ச்சி, மூச்சு குறைதல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லவும்.

முழுவதையும் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கொஞ்சம் கரைந்தது. மிச்சம் பீங்கானில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடியும் திறந்தாள். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அது நிறையும்வரை நிற்க வேண்டியிருந்தது.

கதவை யாரோ தட்டினார்கள்.

அவள் காலி பாக்கெட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணியா? பரவால்ல, மெதுவா வாங்க. எனக்கு அவசரமில்ல."

வெளியே வந்தபோது நாத்தனார் நடையின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. காலி பாக்கெட் மருமகளின் உள்ளங்கைக்குள் நான்காக மடிந்திருந்தது. நாத்தனார் உள்ளே போகவில்லை. அந்தக் கையையே தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். மருமகள் விரல்களை இறுக்கினாள்.

"போன வாரம் போன்ல பேசினாரு அண்ணி. பேச்சு பாதி புரியல. ஆனா ஒரே பெருமை. 'பெத்த பொண்ணு நீ எங்கேயோ இருக்க, மருமகதான் தெனமும் மருந்து கலக்கித் தர்றா, இப்பல்லாம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல'ன்னாரு. நான்கூடக் கோவிச்சுக்கிட்டேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க மாமனாருக்கும் இதே கிட்னிதான். இதே அவஸ்தைதான், வெளிய சொல்லவும் வெக்கப்படறாரு. அது என்ன மருந்து அண்ணி? பேரு சொல்லுங்க, ஊருக்குப் போறப்ப வாங்கிக்கறேன்."