ஒரு நாளைக்கு ஒரு கம்பம்

லூஜியின் கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு ஒரு நாளைக்கு ஒரு விளக்குக் கம்பம் தூரம்தான் போகும். மழை நாளில் இன்னும் கொஞ்சம் குறையும். லூஜி என்றால் யாங்கோனில் வட்டாரத் தலைவர். இவர் ஆற்றங்கரைக்கு மூன்று தெரு தள்ளிய ஒரு வட்டாரத்துக்கு, இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது, யாரும் கேட்காமல் வந்து சேர்ந்தவர். துப்பாக்கியும் கூடவே வந்தது. விசையை அழுத்த அழுத்த அடுத்த குண்டு தானாக வந்து நிற்கிற ரகம், வேகத்துக்குப் பேர்போனது. ஆனால் வெளியே வந்த குண்டு நெஞ்சு உயரத்தில் நின்று, யாரை நினைத்துச் சுட்டாரோ அவர் இருக்கும் திசைக்குத் திரும்பி, ஊர்ந்து போகும். சுவர் குறுக்கே வந்தால் பொழுது முழுக்கத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். ஜனங்களுக்கு முதல் வாரம்தான் ஆச்சரியம். அப்புறம் சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர்கள் மணியடித்து ஒதுங்கினார்கள். வெற்றிலைக் கடைக்காரி அது கடக்கும்வரை குடையை மடக்கி வைத்தாள். ஓடினால் தப்பலாம், ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மண்டலேக்குப் போய் மூன்று வருஷம் நிம்மதியாக இருந்த ஒருவர் தாய் மௌத்தான சேதி கேட்டு பஸ் ஏறினார். பாகோ தாண்டி ஊர் நெருங்கும்போது குண்டு எதிரே வந்தது. பஸ்ஸின் வேகத்தில் அவராகவே போய் அதில் மோதிக்கொண்டார்.

அந்த வட்டாரத்தில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்த பர்கத்துல்லாவின் ஒரே மகன் மாஹிர். மாடியில் நின்று தட்டு தட்டி எதிர்ப்பைக் காட்டியதற்காக அவனுக்கு ஒரு குண்டு கிளம்பியது. அதற்குள் அவன் ஃபெரி ஏறி த்வாண்டேக்குப் போய், பானைச் சூளையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். குண்டுக்கு ஆற்றைத் தாண்டவே இருபத்தாறு நாள் பிடித்தது. ஃபெரி ஹாரன் அடித்து விலகிப் போனது. த்வாண்டே எட்ட ஒன்றே முக்கால் வருஷம். அது சூளைக்கு நாலு வீடு தள்ளி வந்ததும் மாஹிர் யாங்கோனுக்கு மறுபக்கம் இருக்கும் கியாக்தானுக்குப் போய் மீன் கடையில் நின்றான். குண்டு திரும்பி வந்த வழியே நடையைக் கட்டியது. தாய் ஃபக்ருன்னிசா வெள்ளிக்கிழமைதோறும் அது எங்கே வந்திருக்கிறது என்று போய்ப் பார்த்து வருவாள். பக்கத்தில் நின்று திட்டுவாள், சில நாள் கெஞ்சுவாள். போன மழைக்காலத்தில் பார்த்தபோது கியாக்தானுக்கு இருபத்திரண்டு கம்பம்தான் பாக்கி. இந்த முறை ஓட வழியில்லை. வாலிபர்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கும் சட்டம் வந்ததிலிருந்து லூஜியின் கடிதம் இல்லாமல் ஒரு சோதனை கேட்டைக்கூட அவன் தாண்ட முடியாது. “வரட்டும் அத்தா, ஓடி ஓடி காலு ஓஞ்சு போச்சு” என்று தகப்பனிடம் போனில் சொல்லிவிட்டான்.

அந்த வாரம்தான் லூஜி துப்பாக்கியோடு கடைக்கு வந்தார். அவருக்கு ஒரு மனக்குறை. மிங்கலாடோன் பட்டாள முகாமில் நடந்த கூட்டத்தில் எல்லா லூஜிகளும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்திருந்தார்கள். இவருடையதைப் பார்த்து மேலதிகாரி, ஆமை சௌக்கியமா என்று கேட்டுவிட்டாராம். மூன்று வழி யோசித்து வைத்திருந்தார். பழுது பார்க்கலாம். அல்லது முத்துச்சிப்பிப் பிடி போட்டு, பெயர் பொறித்து, பார்வைக்காவது லட்சணமாக்கலாம். அல்லது இதை ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்கலாம். ஆனால் புதியதுக்கு மனு எழுத வேண்டும், பழையதில் என்ன குறை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் வேண்டாம் என்றார். “ஸயா, நீங்க சொல்றபடி செய்றேன்” என்று பர்மியில், வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் மிக மரியாதையாகச் சொன்னார். எழுந்து போகும்போது, துப்பாக்கி சரியானால் பதிவேட்டில் மாஹிரின் பெயரை அடித்துவிடுவதாகவும் சொன்னார். பெயரை அடித்தால் குண்டு அந்த இடத்திலேயே விழுந்துவிடும் என்று லூஜியே சொல்லி எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் இதுவரை ஒரு பெயரையும் அடித்ததில்லை.

பர்கத்துல்லா இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிடியை மட்டும் மாற்றினால் வட்டாரம் இப்போதுபோல் ஓடியாடிப் பிழைத்துக்கொள்ளும், மாஹிர் இருபது நாளில் போய்விடுவான். புதியது வாங்கச் சொன்னால் வட்டாரமும் போகும், மாஹிரும் போவான். பழுது பார்த்தால் மாஹிர் மிஞ்சுவான். ஃபக்ருன்னிசாவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை. “ஊருப் பிள்ளைகள ஊரு பாத்துக்கும். நீங்க எம்பிள்ளைய கொண்டாந்து குடுங்க” என்றாள். மூன்றாம் நாள் அவர் விரிப்பைப் போட்டுத் துப்பாக்கியைப் பிரித்தார். ஒரு கோளாறும் இல்லை. தையல் மிஷினின் பல்லுக்கு அடியில் சேருவதுபோல் உள்ளே ஒரு சிட்டிகைப் பஞ்சு அடைந்திருந்தது. ஊதினார், வந்துவிட்டது. வாடிக்கையாளரின் மிஷினிலிருந்து எடுத்ததை எறிவது அந்தக் கடையில் வழக்கமில்லை என்பதால், பஞ்சைத் தீப்பெட்டியில் போட்டு மூடி வைத்தார்.

அந்தக் கடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ரிப்பேர் ஆன மிஷினை வாடிக்கையாளர் முன்னாலேயே, அவர் கொண்டுவந்த துணியில் ஒரு வரி தைத்துக் காட்டாமல் பர்கத்துல்லா கையைவிட்டுத் தர மாட்டார். லூஜியின் மனைவியின் மிஷினும் அங்கேதான் வரும். ஆகவே லூஜிக்கு வழக்கம் தெரியும். வாங்க வந்த அன்று அவர் ராபர்ட்டைக் கூட்டி வந்தார். ராபர்ட் டாக்சி ஓட்டுகிறவர், அடுத்த தெரு. மகன் ஜேம்ஸ் பட்டாளத்துக்கு ஆஜராகவில்லை என்று நாலு நாளாக அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். லூஜி நாற்காலியில் உட்கார்ந்து, துணி கொண்டுவந்திருக்கிறேன் ஸயா, தைத்துக் காட்டுங்கள் என்றார். ஒரு கையில் பதிவேட்டை விரித்து, மாஹிரின் பெயர்மேல் பேனாவை வைத்துக்கொண்டார். பர்கத்துல்லா துப்பாக்கியைக் கையில் எடுத்து அந்தப் பேனாவைத்தான் பார்த்தார். ராபர்ட்டுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. “பாய், சாந்தாகிட்ட...” என்று ஆரம்பித்தார். குண்டு அதை முடிக்க விடவில்லை. இத்தனை வேகத்தை அந்தத் தெரு நாலு வருஷத்தில் கண்டதில்லை. லூஜி நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் பேனாவை இழுத்தார். கியாக்தானில் ஒரு மீன்கூடைக்குப் பக்கத்தில் டொக்கென்று ஏதோ விழுந்தது.

மாஹிர் மறுநாள் லூஜி கொடுத்தனுப்பிய கடிதத்தோடு வீடு வந்தான். ஃபக்ருன்னிசா டான்பாவ் பிரியாணி ஆக்கினாள். சேதியைத் தெருவில் கேட்டு வந்திருந்தான் போலிருக்கிறது. தட்டைத் தொடாமல் எழுந்து போய், சுவரோரம் அப்பனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உயிரோடு உட்கார்ந்திருக்கிறானே, அது போதும் அவளுக்கு. ராபர்ட்டின் மனைவி சாந்தகுமாரி நாற்பது நாள் கழித்துக் கடைக்கு வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பர்கத்துல்லா எதிர்பார்த்தார். செய்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“என்ன சொல்ல வந்தாரு பாய்?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றார். “ஒரு கம்பம் தூரமாவது குடுத்திருக்கக் கூடாதா? அதுக்குள்ள சொல்லி முடிச்சிருப்பாரே.”

அந்த நாற்பது நாளில் வட்டாரத்தில் பதினோரு பேர் போயிருந்தார்கள், ஒருவருக்கும் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல். அவள் போன பிறகு பர்கத்துல்லா தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு லூஜி வீட்டுக்கு நடந்தார். பஞ்சை வைத்தால் மெதுவாகப் போகும், எடுத்தால் வேகமாகப் போகும், வேண்டியபோது வேண்டியபடி என்று விளக்கினார். லூஜிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இப்படி ஒரு வசதி மிங்கலாடோனில் எவனிடமும் இல்லை. சந்தோஷத்தில் முத்துச்சிப்பிப் பிடியும் போடச் சொல்லிவிட்டார். யாருக்குப் பஞ்சு, யாருக்கு இல்லை என்பதை ஸயாவே சொல்லட்டும், தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார்.

அன்றிலிருந்து பர்கத்துல்லாவின் கடை வாசலில் காலையிலேயே ஆள் நிற்கிறது. தாய்மார்கள் பிள்ளையின் படத்தோடு வருகிறார்கள். தெருவில் அவர் நடந்தால் எழுந்து நிற்கிறார்கள், வெற்றிலைக் கடைக்காரி உட்பட. சிலருக்கு ஆகட்டும் என்கிறார், சிலருக்குச் சொல்ல மறந்துவிடுகிறார். ஜேம்ஸின் பெயர் போன மாதம் வந்தது. சாந்தகுமாரி வந்து நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஜேம்ஸின் குண்டு கிளம்பியது, பஞ்சோடு. பர்கத்துல்லா வாங்கிக் கொடுத்த கடிதத்தோடு அவன் அதற்கு முந்தின வாரமே த்வாண்டேயில் இருந்தான்.

புதன்கிழமை அவள் டிபன் கேரியரோடு வந்தாள். மேஜைமேல் வைத்துவிட்டு, முதல் கம்பத்தைத் தாண்டியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். முகத்தில் நல்ல களை.

“கணக்குப் போட்டுப் பாத்தேன் பாய், அறுநூத்திச் சொச்சம் கம்பம் வருது. ஒரு பொண்ணப் பாத்துக் கல்யாணத்த முடிச்சு வச்சா, பேரப்பிள்ளையக்கூட அவன் கையில பாத்துருவேன். ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பாரு.”

சந்தோஷம் என்றார் பர்கத்துல்லா. அவள் வெளியே போய், குண்டு போகும் பக்கமாகவே வீட்டுக்கு நடந்தாள்.