படத்தில் விழுந்த சேலைகள்

கார்த்திகையா மார்கழியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பரளச்சியில் மக்காச்சோளம் பால் பிடித்திருந்த சமயம். காட்டுப்பன்றி நுழையாமலிருக்க, பிலோமி பழைய சேலைகளைத் தன் வயலைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பக்கத்தில் சுற்றுலா விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த சொகுசுக் கூடாரங்களின் வழிகாட்டி சுஜின் வந்தான்.

"அக்கா, ரெண்டு நாளைக்குச் சேலைய அவுத்துருங்க. விருந்தாளிக எல்லாம் டிவியில பார்த்த மாதிரியே இருக்கணும்ங்காக. அவுக எடுக்குற போட்டோ படத்துல சேலை விழுகுதாம்."

"பன்னி வந்தா?"

"அதப் பார்க்கத்தானக்கா இம்புட்டுத் தூரம் வந்திருக்காக."

"அப்ப பன்னிய அவுக கூடாரத்துக்குக் கூப்பிட்டு எலை போடச் சொல்லு. என் வெள்ளாமைதான் கெடச்சுதா?"

மறுநாள் காலையில் சேலைகள் அவள் வாசலில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. வயலில் ஒரு சோளத்தட்டைகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

விருந்தாளிகள் நல்ல படங்களோடு ஊர் திரும்பினார்கள். சுஜினுக்குச் சம்பளம் கூடியது. பிலோமி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். பன்றிகள் அங்கேயே இருக்கின்றன.