உப்பில்லாத பன்னிரண்டு நாள்

மில்லில் நைட் ஷிப்டு முடிந்து ராஜபாளையத்திலிருந்து புதுப்பட்டிக்கு வந்து இறங்கும்போது காலை மணி ஒன்பது. வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அண்ணன் வேல்பாண்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கை, தாடை எல்லாம் வெடவெடவென்று நடுங்கின. நாலைந்து பெண்கள் அவர் காலில் விழுந்து எழுந்தார்கள்.

"தம்பி, செருப்பக் கழத்திட்டு வாங்க. ஆத்தா எறங்கியிருக்கா" என்றாள் ஈஸ்வரி மதினி.

அண்ணன் பூக்குழி இறங்குவதற்காகக் காப்புக் கட்டியிருந்தார். பட்டாளத்திலிருந்து மனநோய் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். ஆறு வருடமாக லித்தியம் மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது.

"மாத்திரை குடுத்தீங்களா மதினி?"

"அத என்னிக்கி விட்டேன்? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. விரதத்துக்கு உப்பத்தான் விட்டோம். பன்னெண்டு நாளாச்சு."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கெமிஸ்ட்ரியை இரண்டாம் வருடத்தோடு விட்டவன் நான். ஆனாலும் லித்தியம் மறக்கவில்லை. அது தனியாக இருக்காது. வெளிச்சுற்றில் உள்ள ஒரே எலக்ட்ரானைத் தள்ளிவிட்டு எதோடாவது சேர்ந்துவிடும். ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஆக்சைடு, குளோரினோடு குளோரைடு. சோடியம் சீண்டாத நைட்ரஜனோடுகூடச் சாதாரணக் காற்றிலேயே சேரும். அண்ணன் விழுங்குவது கார்பனேட். வயிற்றில் அது பிரிந்து, லித்தியம் ரத்தத்தில் கலக்கிறது. லித்தியமும் சோடியமும் ஒரே குடும்பம். உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாது. அதோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலும் விரதமும் சேர்ந்தால் மருந்தே விஷம்.

"இது சாமி இல்ல. மாத்திரை ஏறிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

பூசாரி ஐயாதுரை சிரித்தார். "மில்லுல முழிச்ச பய, தூக்கத்துல உளறுதான். ஏலே, காப்புக் கட்டுனவன் ஊர் எல்லை தாண்டப்படாது. தாண்டுனா ரத்தம் கக்குவான்."

"தாண்டலன்னா சாவாரு."

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மடிந்து விழுந்தார். வாந்தி எடுத்தார். நாக்கு குழறியது. காலில் விழுந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

மதினி அருவாமணையை எடுத்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்புக் கயிற்றை அறுத்தாள்.

"ஏட்டி, வெளங்குவியா?" என்று ஐயாதுரை கத்தினார்.

"நான் வெளங்காமப் போறேன். நீங்க ஆட்டோவக் கூப்பிடுங்க தம்பி."

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். அதுவும் உப்புத் தண்ணீர்தான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் நடுக்கம் குறைந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஆத்தா எறங்குனது பொய்யாடா?"

"ஆமாண்ணே. மாத்திரைதான்."

கிறுக்கன் என்று சொன்ன ஊர், அன்று காலை அவர் காலில் விழுந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மதினி உப்புப் போட்ட கஞ்சியோடு பக்கத்தில் நின்றாள். கஞ்சி ஆடை கட்டும்வரை அவர் திரும்பவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.