என் திரை மட்டும் ஏன் வெட்டுகிறது

மூன்றாவது தடவையாக வந்த மெக்கானிக் என் மானிட்டருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அந்த முக்கால் மணி நேரமும் அது ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருந்தது. ஒரு வெட்டு இல்லை, ஒரு சிமிட்டல் இல்லை.

"கேபிள் மாத்திட்டேன் அக்கா, பிளக் பாயிண்ட் மாத்திட்டேன். செகண்டுக்கு அறுபது தடவை படம் மாறணும், மாறுது. மானிட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த 'நல்லாத்தான்' எனக்குப் பிடிக்கவில்லை. மானிட்டர் நன்றாக இருக்கிறது என்றால் வேறு எது நன்றாக இல்லையாம்?

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. படக்கென்று திரை கறுத்து, திரும்ப வந்தது. பார்த்தீர்களா என்று கேட்க அவர் இல்லை. எப்போதும் இப்படித்தான். நான் கத்தி ஆளைக் கூப்பிடுவதற்குள் அது பழையபடி ஆகிவிடும். வந்தவர்கள் திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

மருந்து பாட்டில்களில் ஒட்டும் லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது என் வேலை. இந்த அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இரண்டு விரல் அகலத்துக்குள் மருந்தின் பெயர், அளவு, தேதி, எச்சரிக்கை எல்லாம் அடங்க வேண்டும். கண்தான் மூலதனம். கண் போய்விட்டது என்று முதலாளி முடிவு செய்தால், எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவருக்குச் செய்ததையே எனக்கும் செய்வார். அச்சான லேபிள் கட்டுகளை எண்ணி ரப்பர் பேண்ட் போடும் மேஜைக்கு அனுப்பிவிடுவார். அந்த மனிதர் அங்கே மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை.

ஆகவே கோளாறு திரையில்தான் இருந்தாக வேண்டும்.

சோதித்துப் பார்ப்போம் என்று முதலாளியே என் மானிட்டரையும் பக்கத்து மேஜை மானிட்டரையும் இடம் மாற்றி வைத்தார். என்னுடையது அங்கே போய்ச் சமர்த்தாகிவிட்டது. அங்கேயிருந்து வந்தது என் மேஜையில் வெட்ட ஆரம்பித்தது.

"டாக்டர்கிட்ட போகச் சொன்னேனே, போனீங்களா?" என்றார் முதலாளி. குரலில் அத்தனை கரிசனம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெட்டுறது கம்ப்யூட்டர் சார். நான் எதுக்கு டாக்டர்கிட்ட போகணும்?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வீட்ல டிவி வெட்டுதா?" என்றார்.

"இல்லையே."

"அப்ப கண்ணு சரியாத்தான் இருக்கு. ஆபீஸ்ல யாரோ வேலை காட்டுறாங்க."

எனக்கு அது போதும். அந்தச் சந்தேகத்தில் நான் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தேன்.

பக்கத்து மேஜைக்காரியைப் பம்பரம் என்று கூப்பிடுவோம். ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வேலையை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். முதுகு வலிக்கிறது என்றதும், ஏற்றி இறக்குகிற புது நாற்காலி ஒன்றை முதலாளி அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். எனக்கும்தான் முதுகு இருக்கிறது. எனக்கு மரநாற்காலியும் ஒரு நசுங்கிப்போன மெத்தையும். அந்த நாற்காலி வந்த மாதத்திலிருந்துதான் என் திரைக்குக் கேடு பிடித்தது. ஆக, மேலே ஏறுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள், முதலில் நாற்காலி, அடுத்தது என் இடம் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஒரு தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். எந்த நேரத்தில் வெட்டியது, அப்போது பம்பரம் என்ன செய்துகொண்டிருந்தாள். ஒன்பது நாளில் நாற்பத்தொரு வெட்டு. நாற்பத்தொன்றிலும் அவள் அப்போதுதான் எழுந்திருந்தாள், அல்லது எழுந்துகொண்டிருந்தாள். எழுந்து நேராக என் முதுகுக்குப் பின்னால் வந்து பிரிண்டர் பக்கம் போவாள். என் கேபிள் அவள் நாற்காலியை ஒட்டித்தான் ஓடுகிறது. காலால் இடிக்கிறாள், வேறென்ன? மெக்கானிக் வருகிற நாளில் மட்டும், "இதுல வச்சுக்கோங்க அண்ணா" என்று தன் நாற்காலியை அவர் பைக்குக் கொடுத்துவிட்டு, ஓரமாக நல்ல பிள்ளையாக நிற்பாள். கள்ளி.

தாளை முதலாளியிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"நாற்பத்தொண்ணுமா?"

"நீங்களே எண்ணிக்குங்க சார்."

பம்பரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் எதையும் தொடலை சார்" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்று மத்தியானமே அவளை அச்சு மிஷின் ஓடும் பின்னறைக்கு மாற்றினார்கள். அங்கே உயரமான மேஜை, முக்காலிதான் சரிப்படும். நாற்காலி இங்கேயே நின்றுவிட்டது.

நாலு நாள். ஒரு வெட்டு கூட இல்லை. முதலாளி என்னைத் தாண்டிப் போகும்போது தலையாட்டிவிட்டுப் போனார். மிஷின்காரர் அண்ணன் வந்து, "பாக்க அப்பாவி மாதிரி இருந்துச்சு, இல்ல?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கண் நன்றாக இருக்கிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததே அந்தக் கண்தானே.

ஐந்தாம் நாள் காலையில், சும்மா கிடக்கிறதே என்று அந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதுகுக்குச் சொர்க்கம். தண்ணீர் எடுக்க எழுந்தேன். திரை படக்கென்று கறுத்து வந்தது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

உட்கார்ந்தேன், எழுந்தேன். வெட்டியது. கேபிளிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, காலை ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை. வெட்டியது. மரநாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அந்த மாதிரி சேர்ல இருந்து எழுந்திரிக்கும்போது ஒரு சின்ன மின்சாரம் கிளம்பும் அக்கா. பக்கத்துல கேபிள் போனா அது வாங்கிக்கும். கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால பாத்ததில்ல. அது சரி, அந்தச் சேர் மேல நான்தானே பையை வச்சிருந்தேன்!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தாளில் கோடு போட்டு எண்ணித் துரத்தியிருக்கிறேன்.

பின்னறைக்குப் போனேன். மிஷின் சத்தத்தில் பம்பரம் முக்காலியில் கூனி உட்கார்ந்திருந்தாள், ஒரு கை இடுப்பில். நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு.

"சரி அக்கா. திரைதானே, இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல" என்றாள்.

"நீ ஏன்டி சும்மா சும்மா எழுந்து எழுந்து என் பின்னாடி போன? அதனாலதான எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

அவள் மேஜை டிராயரை இழுத்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் நான் பிரிண்டருக்கு அனுப்பிய லேபிள்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம்.

"முதலாளி பார்வைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துப் பார்த்துடுவேன். நீங்க சாப்பிடப் போகும்போது உங்க கம்ப்யூட்டர்லயே திருத்திடுவேன். மூணு போட வேண்டிய இடத்துல எட்டு போடுறீங்க அக்கா. ஆறு மாசமா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"ஆறு மாசமா?" நாற்காலி வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாலு நாளா யாரு பாத்தா?"

பம்பரத்தின் முகம் மாறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிஷினைத் திரும்பிப் பார்த்தோம். குழந்தைகளுக்கான இருமல் மருந்து லேபிள், நேற்று நான் முடித்துக் கொடுத்தது, தாள் தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு தாளை உருவினேன். வேளைக்கு எத்தனை மில்லி என்ற இடத்தைக் கண்ணருகே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன், விளக்குக்கு நேராகத் தூக்கினேன். மூன்றாகவும் இருந்தது, எட்டாகவும் இருந்தது.

"அண்ணே, மிஷினை நிறுத்துங்க!"

"ஏம்மா? என்ன தப்பு?"

"தெரியலை. எனக்குக் கண்ணு தெரியலைண்ணே. நிறுத்துங்க!"

அவர் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தார். கண்ணு தெரியலை என்று நான் சொன்னது அந்த அமைதியில் அறை முழுக்கக் கேட்டது. கதவருகே முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

பம்பரம் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். "மூணுதான் அக்கா, சரியாத்தான் இருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள். "பதட்டத்துல ஏதோ சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க."

நான் அந்தச் சிவப்பு வட்டக் கட்டை எடுத்துக்கொண்டு முதலாளியை நோக்கி நடந்தேன்.